பதின்மூவாயிரம் லீற்றர்

சுவிசிலிருந்து வந்த மூன்றாம் நாள்
தம்பி பெட்டியைப் பிரித்தான்.
இரும்புக் குழாய்கள், முளைகள், நீலப் படங்கு,
ஏழு மொழியில் ஒரு புத்தகம். தமிழ் இல்லை.
படத்தில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே
தனியாளாய்ப் பூட்டி முடிக்கிறாள்.
மல்லாவியில் அதற்கு ஐந்து பேரும் அரை நாளும் போனது.

முதலில் நிலம்.
மட்டம் பிழைத்தால் ஒரு பக்கம் வெடிக்குமாம்.
மேசன் நேசராசா கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விட்டு
இரண்டு முனையையும் பிடித்துப் பார்த்தார்:
மேற்கே நாலு விரல் பள்ளம்.
பத்து வருடமாய் அதே இடத்தில்தான்
கதிரை போட்டு இருக்கிறேன்,
சாய்வு எனக்குத் தெரியவில்லை.
வெட்டினோம். வேப்பம் வேர், ஓட்டுத் துண்டு,
பிறகு மண்வெட்டியில் 'ணங்' என்று ஒரு தகரம்.
எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றோம்.
நேசராசா முழந்தாளில் இருந்து
விரலால் மண்ணை விலக்கினார்.
பால்மாப் பேணி.
அதற்குப் பிறகுதான் மணல் பரப்பினோம்.

ஆடி மாதம். மூன்று பவுசர்.
ரூபகாந் ஹோசை இழுத்துப் போட்ட நேரம்
வேலிக்கு அந்தப் பக்கம் சிவமலரின் குடங்கள்
வாய் திறந்தபடி வரிசையில்.
"காசு குடுத்து எடுத்த தண்ணி" என்றான் தம்பி,
ஆரும் கேட்காமலே.
நான் குசினிக்குள் போய்விட்டேன்.

பிள்ளைகள் இருபத்தொரு நாள் குளித்தார்கள்,
ஜெர்மனில் கத்தி, தமிழில் அழுது.
பிறகு கட்டுநாயக்கா.
பிறகு நானும் அதுவும்.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை.
ஆதலால் தாளை நனைத்துப் பதினைந்து எண்ணுவதும்
நிறத்தை நிறத்தோடு ஒட்டிப் பார்ப்பதும் பழக்கம்.
எங்கள் தண்ணீர் சுண்ணாம்பு. கேத்திலில் படிகிறது
படங்கிலும் படியும். தேய்க்க வேண்டும்.
விடிய வலையால் சருகு, தேரை, ஒருநாள் ஒரு தேள்.
கிழமைக்கு இருமுறை
வடிகட்டியின் காகித நெஞ்சைக் கழட்டிக் கழுவுவேன்.
மயில் வந்து விளிம்பில் குனியும்,
மணக்கும், தலையைச் சிலுப்பிக்கொண்டு போகும்.
ஒருவரும் இறங்காத தண்ணீரை
ஒருவரும் குடிக்காதபடி காத்தேன்.

"நீலமா இருக்கோ அக்கா?"
ஞாயிறு தவறாமல் தம்பி கேட்பான்.
இருக்கு.
"அடுத்த ஆடிக்கும் வருவம். கவனம்."

ஆவணி கடைசியில்
சிவமலரின் கிணற்றில் வாளி சேற்றைத் தட்டியது.
படலையைத் திறக்காமல் நின்று கேட்டாள்:
"அக்கா, உது மாட்டுக்கு ஆகுமோ?"
தாளை நனைத்தேன். ஊதா.
"ஆகாது" என்றேன்,
ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வது போல.
அவள் "சரி" என்று போனாள்.
அந்தச் 'சரி' இரவு முழுக்கக் கிடந்தது.

குளோரின் குளிசையை எடுத்துப் போத்தலில் மூடினேன்.
மீதி வேலை வெயிலுக்கு.
முதல் நாள் ஊதா, மூன்றாம் நாள் ரோஸ்,
ஐந்தாம் நாள் தாள் வெள்ளையாகவே வந்தது.
ஆறாம் நாள் பாசி தொடங்கிவிடும்.
இடையில் இருப்பது ஒரே ஒரு நாள்.

ஹோசை வேலிக்கு மேலால் எறிந்தேன்.
மோட்டர் தேவைப்படவில்லை;
நிலத்துக்கு மேலே நிற்கிற குளம்,
அவளின் காணி மேற்கே.
மாடு குடித்தது. வாழை குடித்தது.
மிளகாய்ப் பாத்தி
எவ்வளவு விட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

தம்பி வீடியோவில் வந்தான்.
போனை வானத்துக்குத் திருப்பினேன்.
"நீலம்தான்" என்றான்.

பொழுதுபட இடுப்பளவு மிச்சம்.
நாற்பத்தாறு வயதில், சட்டையோடு,
அந்த ஏணியில் முதன்முதலாய் ஏறி
மறுபக்கம் இறங்கினேன்.
பகல் முழுக்கக் காய்ந்த வெதுவெதுப்பு.
கால் நிலத்தை விட்டது, பயந்து திரும்ப ஊன்றினேன்,
திரும்ப விட்டேன்.

"என்னக்கா செய்யிறியள்?"
வேலிக்கு மேலால் சிவமலர்.
"அளவு பாக்கிறன்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.
பிறகு படலை திறக்கிற சத்தம்.
ஏணியடியில் செருப்பைக் கழட்டினாள்.
ஹோஸ் தன்பாட்டில்
மிளகாய்க்கு ஓடிக்கொண்டிருந்தது.