அரைப் பேர்

மேட்டு டிவிஷனில் சிக்னல் கிடைப்பது
தண்ணித் தாங்கிக்குப் பக்கத்துப் பாறையில் மட்டும்.
அதிலும் போனை அட்டன் பக்கம் நீட்டினால்தான்.
எனக்கு முன்னே சவரியம்மா,
கொழும்பிலிருக்கும் மகனுக்கு
மாத்திரைப் பெயரை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்.
தலையில் கம்பளித் துண்டு, இடுப்பில் படங்கு,
காலுக்குக் கீழே புல் நொறுங்கியது.

திரையில் நீ வந்தாய் திவாகர்,
முதலில் தொப்பி, பிறகு மூக்கு,
பிறகு மீசையில் உப்பு மாதிரி ஏதோ.
"அங்க விடிஞ்சிருச்சா?"
விடிந்ததைச் சொல்ல ஆள் தேவைப்படுகிற ஊர்.
கார்த்திகையில் போன சூரியன்
தை கடைசியில்தான் திரும்புமாம்,
வரும் அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவாம்.
உனக்குச் சூரியன் பேரை வைத்த உன் அம்மாவிடம்
இதை நான் சொல்லவில்லை.

முந்நூறு பேர், ஒரு கடை, ஒரு மீன் தொழிற்சாலை.
காற்றடித்தால் கப்பல் வராது,
கப்பல் வராவிட்டால் வெங்காயம் இல்லை என்றாய்.
சிரித்துவிட்டேன்.
பாதை சரிந்து இன்றோடு ஒன்பது நாள்,
மா லொறி கீழ் டிவிஷனோடு நிற்கிறது,
நாங்களும் வெங்காயத்தை எண்ணித்தான் வெட்டுகிறோம்.

"இங்க யாரும் கதவு பூட்ட மாட்டாங்க,
கரடி வந்தா எந்த வீட்டுக்குள்ளயும் ஓடலாம்."
இங்கே சிறுத்தை வரும்.
ஆனாலும் பூட்டுவோம்,
திங்கட்கிழமை லோன்காரனுக்காக.

போனைத் திருப்பிக் கடலைக் காட்டினாய்.
கருப்புத் தண்ணீரில் வெள்ளைத் தட்டுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.
நானும் திருப்பினேன்:
பதினோராம் நம்பர் மலை முழுக்க வெள்ளை,
கொழுந்தெல்லாம் பனியில் வெந்துபோய்.
பெரட்டில் சொல்லிவிட்டார்கள்,
இன்றைக்கு எல்லாருக்கும் அரைப் பேர்.

லயத்துப் பக்கம் மட்டும் திருப்பவில்லை.
பின்சுவரில் கை நுழைகிற வெடிப்பும்
கதவில் ஒட்டிய சிவப்புக் கடதாசியும்
அந்தப் பக்கம்தான்.

நீ ஏன் இன்று இடது கையால் பிடித்திருக்கிறாய்?
வலது கை
ஒருமுறைகூடத் திரைக்குள் வரவில்லை.
மீன் வெட்டும் கத்தி எப்படியிருக்கும்
என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.
"சாப்பிட்டியா" என்று வந்தது.
"ம். நீ?"

அதற்குள் உன் முகம் சதுரம் சதுரமாய் உறைந்துவிட்டது,
வாய் திறந்தபடி.
பின்னால் நிற்கிறவள்
"முடிஞ்சிருச்சா அக்கா" என்கிறாள்.
இன்னும் கொஞ்சம் நிற்கிறேன்,
அட்டன் பக்கம் கையை நீட்டி.