படிவம் மூன்று, வடக்கு முகம்

காலை ஆறு மணிக்கு
பாமணியாற்றுப் பாலம் தாண்டி முக்கில்
பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
மன்னார்குடியிலிருந்து வருவது என் கணக்கு,
மன்னார்குடிக்குப் போவது ஜெபமணி கணக்கு.
நாள் சம்பளம் அறுநூற்றைம்பது,
சாப்பாடு நம் பொறுப்பு.

எதிரே பன்னிரண்டு ஏக்கர், வரப்பைக் கரைத்துவிட்ட வயல்.
அங்கே நாலு மாடி வரப்போகிறது.
கீழே கடைகள், மேலே அலுவலகங்கள்,
பூமிக்கடியில் முந்நூற்று இருபது கார்.
இந்த முக்கு தாங்குமா
என்று கட்டுகிறவர்களே கேட்கிறார்கள்,
பதிலுக்கான கூலியும் அவர்களே தருகிறார்கள்.

மோட்டார் சைக்கிள் என்றால் அரை.
கார் ஒன்று. பஸ் மூன்று.
நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் நாலரை.
மாட்டுவண்டி எட்டு.
எட்டு காருக்குச் சமமான அந்தக் கட்டம்
காலையிலிருந்து காலியாகவே கிடக்கிறது.
நடந்து போகிறவர்களுக்குத் தனித் தாள்;
அதைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள்.

எட்டரைக்கு ஓர் ஆட்டோ,
உள்ளே பதினோரு பிள்ளைகள், வெளியே தொங்கும் பைகள்.
ஓர் அமுக்கு.

டீ கொண்டுவந்த ஞானாம்பாள் கேட்டாள்:
"எத்தனை வண்டி போனா கட்டடம் வராது?"
அப்படி ஒரு நம்பர் இல்லை அக்கா.
"எத்தனை போனா வரும்?"
எத்தனை போனாலும்.
கிளாஸை வாங்கிக்கொண்டு போனாள்.
காசு வாங்கவில்லை, அல்லது மறந்துவிட்டாள்.

போன வாரம் கடைத்தெருவில் வேறொரு படிவம்.
பாத்திரக்கடை ஹாஜா நஜிமுதீன்
மாதச் சராசரி விற்பனை என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டார்.
"சராசரி ஏதும்மா?
தையும் மாசியும் நெல்லுக் காசு வரும்,
அந்த ரெண்டு மாசத்தில்தான் குடம் விக்கும், குக்கர் விக்கும்.
மிச்சப் பத்து மாசம் கடையைத் திறந்து வைக்கிறதுதான்."
பன்னிரண்டால் வகுத்து எழுதிக்கொண்டேன்.
அவர் கடை மாதிரி நூற்று நாற்பது கடைக்கு
அறிக்கையில் ஒரே வரி:
'சிறு மாறுதல் எதிர்பார்க்கப்படுகிறது.'

ஐந்நூறு பேருக்கு வேலை என்று நோட்டீஸில் இருக்கிறது.
என் தம்பி குபேரன் இப்போதே போட்டோ எடுத்து வைத்திருக்கிறான்,
கடன் வாங்கிய டையோடு.
எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் என்னை நிறுத்தி
ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்:
"அங்கே உட்கார விடுவாங்களா?"

பதினொன்று இருபதுக்கு எல்லாம் நின்றது.
மேற்கு வயலிலிருந்து ரோட்டில் ஏறின வாத்துகள்.
ஆயிரத்து இருநூறு என்றார் குப்பமுத்து,
கம்பை நீட்டியபடி, யாரையும் பார்க்காமல்.
இரண்டு பஸ், அறுவடை மிஷின் ஏற்றிய லாரி,
அதன் பின்னால் கண்ணுக்கெட்டிய வரை வண்டிகள்.
ஹாரனுக்கு ஹாரனாகவே பதில் சொல்லின வாத்துகள்.
ஒன்பது நிமிடம்.

தேக்க நீளம், மீட்டரில்: 240.
காரணம்: வாத்து.

இன்பராஜ் சார் போனில் சொன்னார்,
"அதை எடுத்துடும்மா. வழக்கமான நாளா இருக்கணும்."
மாசியில் இது வழக்கமான நாள்தான் சார்.
"அப்ப சித்திரையில ஒரு நாள் எடுத்துக்கலாம்."

வாத்துகள் அதற்குள் பன்னிரண்டு ஏக்கருக்குள் இறங்கி
அளவுக்கல்லுக்கும் அளவுக்கல்லுக்கும் நடுவே
உதிர்ந்த நெல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தன.
விளம்பரப் பலகையின் நிழலில் சில.
பலகையில் இருந்த குடும்பத்துக்கு
கைநிறையப் பைகள்,
பின்னால் ஒரு வண்டிகூட இல்லாத சாலை.

இரவு பத்துக்குக் கணக்கை முடித்தோம்.
வந்தது போனதை விட இருபத்து மூன்று அதிகம்.
எங்கேயோ நின்றிருக்கும் என்றாள் ஜெபமணி,
இல்லையென்றால் நான் தூங்கியிருப்பேன்.

கருவியைத் திருப்பித் தருமுன்
என் ஸ்கூட்டிக்கும் ஓர் அமுக்கு வைத்தேன்.
"இது எந்தப் பக்கம்?" என்று
பேனாவைத் திறந்தபடி கேட்டாள்.