ஏழாம் குரல்

மல்லாவி, கூட்டுறவு மண்டபம்.
மார்கழி மழை தகரத்தில் விழுந்து
என் ஒலிபெருக்கியோடு போட்டிக்கு நிற்கிறது.
மேசைக்கு ஒரு கட்டு, பன்னிரண்டு முகங்கள்,
நானே அச்சடித்து மட்டையில் ஒட்டியவை.
பசை காயாததால் ஒரு சில
கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றன.
குரல்கள் பத்து.
"குரலுக்கு முகம் வையுங்கோ. ரெண்டு மிஞ்சும்,
அது உங்களை ஏமாத்த."

முதலாவது, முடி துறக்கும் அரசன்.
அடுத்தது நிலவிலிருந்து, இரைச்சலுக்குள் ஒருவன்.
மெழுகு உருளையில் கீறிவைத்த
ஒரு தாதியின் நடுங்கும் வாழ்த்து.
சைக்கிள் டைனமோ சுற்றி
வானொலி கேட்ட மேசைகள்
கண்ணை மூடிக் குரலைப் பிடித்துவிட்டு
முகத்துக்குத் தடவின.
அவர்களின் பிள்ளைகளுக்கோ
எல்லா முகமும் தெரியும்,
ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.
"இவர் இப்பிடியோ கதைப்பார்?" என்று
கோகுலரமணன் சிரித்ததில்
சோடாப் போத்தல் சரிந்து
ஒரு சர்வாதிகாரி நனைந்தார்.

ஏழாவது ஒரு பெண்குரல்.
பழைய தட்டு. பறப்பது பற்றி
ஆங்கிலத்தில் அரை நிமிடம்.
என் தாளில் விடை: நான்காம் முகம்.

"சேர், உது பிழை."

உளுந்து அணி, கதவோரத்து மேசை.
ஆள் காணாதென்று கடைசி நேரத்தில்
சேர்த்துக்கொண்ட இராசமலர் அக்கா.
கிழமையில் இரண்டு நாள்
கிளிநொச்சிப் பந்தலுக்கு பஸ் ஏறுபவர்.
ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது.

"நாலாம் ஆள் வாயை இறுக்கி வச்சிருக்கிறா.
இந்தச் சத்தத்துக்குள்ள காத்துப் போகுது.
முன்பல்லு நீக்கலா இருந்தால்தான் அப்பிடிப் போகும்.
பதினொண்டைப் பாருங்கோ."

பதினொன்று மிஞ்ச வேண்டிய முகம்.
கட்டை முடி, சிரிப்பு,
நடுவில் ஒரு நூலிடைவெளி.

மண்டபம் சிரித்தது. நானும்தான்.
பிறகு மடிக்கணினியைத் திறந்தேன்.
இரண்டு பெண்கள், இருவரும் பறந்தவர்கள்.
கோப்புக்குப் பெயர் வைத்த இரவில்
மின்சாரம் போய் வந்து போனது.
மாற்றி வைத்திருக்கிறேன்.
ஏழாம் குரல் பதினொன்றினுடையதுதான்.
கடலுக்கு மேலே போனவள்,
பிறகு தகவல் இல்லை.
இதை நான் ஒலிவாங்கியில் சொல்லவில்லை.
"உளுந்து அணிக்கு ஐந்து புள்ளி" என்று மட்டும் சொன்னேன்.

ஆனாலும் அவர்கள் மூன்றாமிடம்தான்.
அரசனையும் தாதியின் முகத்தையும்
அக்கா சோடி சேர்த்திருந்தார்,
"ரெண்டு பேரும் நல்லாக் களைச்சிருக்கினம்" என்று.
பரிசு ஒரு சுடுநீர்ப் போத்தல்.

கதிரை அடுக்கும்போது கேட்டேன்,
பல்லை எப்படி அக்கா பிடித்தீர்கள்.
பையைத் திறந்து போத்தலை வைத்தார்.
உள்ளே, பிளாஸ்ரிக் ஒட்டிய ஒரு பெடியன்,
பாடசாலைக் கழுத்துப்பட்டி, சிரிப்பு,
அதே நூலிடைவெளி.
"சம்பல் எண்டு சொன்னானெண்டால்
விசில் அடிச்ச மாதிரி இருக்கும்.
படத்தில அது வராதுதானே.
நான்தான் போட்டுப் போட்டுப் பாக்கிறனான்."

பிறகு மேசையில் மிஞ்சிய இரண்டையும்
தாயக்கட்டைபோல் உருட்டிப் பார்த்தார்.
"இவையளுக்குக் குரல் இல்லையோ?"
"இருக்கும் அக்கா.
தேடிப் பாக்கிறன்."

சொல்லி முடிய முன்னமே
எனக்கு நாக்குச் சுட்டது.
அக்கா கோபிக்கவில்லை.
சேலைத் தலைப்பை மழைக்காக இழுத்து மூடிக்கொண்டு சொன்னார்,
"அடுத்த முறை உந்தச் சொல்லையும் போடுங்கோ, சேர்.
அதைச் சொன்ன முகங்கள்
என்னட்டை ஒரு கட்டு இருக்கு.
ஒண்டும் மிஞ்சாது."

துணுக்காய்ப் பக்கம் ஓட்டோ ஒன்று திரும்பியது.
போத்தலின் மூடி சரியாகப் பூட்டவில்லை போல.
பைக்குள் அது சின்னதாய்
விசிலடித்துக்கொண்டே போனது.