இடது தொடை எலும்பு

ஜிகணிக்கு அப்பால், அபார்ட்மெண்டுக்குத் தோண்டிய குழியில்
ஜேசிபி நின்றுபோய் ஒன்பது நாள்.
கல்வட்டத்துக்குள் ஒரே பதுக்கை. உள்ளே
எல்லாரும் எல்லாரோடும் கலந்து கிடக்கிறார்கள்.

தலையை எண்ணாதே, நொறுங்கியிருக்கும் என்கிறாள் நாகவேணி.
இடது தொடையை எண்ணு.
ஒருவருக்கு ஒன்றுதான்.

ஐந்து.
எந்த விலா எவருடையது என்று
புதைத்தவர்களும் கேட்டதாகத் தெரியவில்லை.

வட்டத்துக்கு வெளியே, நாலடி தள்ளி, ஒருத்தி.
தனியாக. முழுசாக.
முட்டியை மார்போடு சேர்த்து
குளிருக்குச் சுருண்டவள் போல.
இடுப்பருகே கறுப்புச் சிவப்புக் கிண்ணம், பாதி.

மறுபாதி உள்ளே கிடைத்தது,
ஐவரின் எலும்புக்கு அடியில்.
சாயங்காலம் தார்ப்பாயில் வைத்துச் சேர்த்துப் பார்த்தோம்.
நகம் நுழைகிற இடைவெளிகூட இல்லை.

உடைத்துத் துரத்தினார்களா,
பாதியை எடுத்துக்கொண்டு அவளே நடந்தாளா,
செத்தபின் யாரோ இருட்டில் கொண்டுபோய் வைத்தார்களா.

பொறியாளர் பைரேகவுடா கைபேசியைப் பொத்திக்கொண்டு
மொத்தம் எத்தனை பேர் என்கிறார்.
படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறது.

ஆறு என்று எழுதினேன்.
அடித்தேன்.
ஐந்து, ஒன்று என்று எழுதினேன்.

டீயை ஊதியபடி எட்டிப் பார்த்த நாகவேணி
நடுவில் இந்தக் கமா
யார் போட்டது என்றாள்.