ஒன்று பாக்கி

இது முதலில் சதுப்பு என்பார்கள்.
நண்டு வளை, கோரைப்புல், சேறு.
மண்ணைக் கொட்டிக் கொட்டி
கடலிடமிருந்து பிடுங்கிய நிலம்.
கடல் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.
ஏற்றம் வந்தால் புல்லுக்கடியில் ஈரம் ஊறும்,
மதியத்துக்குள் பந்து வளையும் என்று
தொப்பிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.
எங்களுக்கு அது உள்ளங்காலில் தெரியும்.

உருளை இழுக்கும் கழுதைக்கு
நாலு காலிலும் தோல் செருப்பு மாட்டுவார்கள்,
குளம்புத் தடம் விழக்கூடாது.
எங்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு வா என்பார்கள்.
காரணம் ஒன்றுதான்.
மரியாதைதான் வேறு.

முப்பத்தொன்பது மார்ச்சில் கழுதைக்குக் குளம்பு வீங்கிவிட்டது.
கயிற்றில் நாங்கள் ஆறு பேர்:
அப்பாவு, கிஷ்டன், நெட்டைத் தொப்ளான்,
சாக்கடைப் பிரிவிலிருந்து இரவலாக வந்த இரண்டு பேர், நான்.
முடிகிறவரைக்கும் ஆட்டமாம்,
நாள் கணக்கே கிடையாதாம்.
ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரன், ஒரு பக்கம் நம்மூர்க்காரன் என்றேன்.
நம்மூர் என்றதற்கு அப்பாவு
உருளையை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

ஐந்தாம் நாளில் ஆடுகளம் வெடித்துப் பல்லிளிக்க வேண்டும்,
அதுதான் அதன் தலையெழுத்து.
ஆனால் ராத்திரி மழை பெய்யும்.
விடியலில் நாங்கள் உருட்டுவோம்.
கிழவி மறுபடி குமரியாகி
பொட்டு வைத்துக்கொண்டு நிற்பாள்.
ஓட்டங்கள் குவிந்தன, நூறு, முந்நூறு, ஐந்நூறு.
மகசின் பராக்ஸில் தைலம்மா
என் தோளில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்,
"யார் ஜெயிக்கிறது?"
"உருளை" என்றேன்.

ஞாயிறு அவர்களுக்கு ஓய்வு.
நாங்கள் பராக்ஸுக்குப் பின்னால்
சரளைமேல் தென்னைநார்ப் பாய் விரித்து ஆடினோம்.
தையல் விட்ட பந்தில் அப்பாவு ஏழு விக்கெட்.
எழுதிவைக்க யாருமில்லை,
எழுதியிருந்தாலும் எந்தப் பேப்பரில் போட?

பத்தாம் நாள்.
வேண்டியது அறுநூற்றுத் தொண்ணூற்றாறு,
வந்தது அறுநூற்று ஐம்பத்துநாலு,
போனது ஐந்து பேர்தான்.
வானம் இருண்டது.
கேப்டவுனில் கப்பல் நிற்கிறது,
ரயிலை விட்டால் கப்பலையும் விட வேண்டும்.
கை குலுக்கிக்கொண்டார்கள்.
கப்பலுக்காக ஆட்டம் நிற்கும் என்று
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.
என் அப்பன் கரும்பில் ஆடிய ஐந்து வருஷம்
எந்தக் கப்பலுக்காகவும் நின்றதில்லை.

ஸ்டம்புகளைப் பிடுங்கி வர எங்களை அனுப்பினார்கள்.
நாற்காலிகள் காலி. நல்ல மழை.
கிஷ்டன் காக்கி டவுசரைச் சுருட்டினான்.
"பாக்கி எவ்வளவு?"
"நாற்பத்திரண்டு."
"அதுக்கென்ன."
அவன் ஒரு முனை, அப்பாவு மறுமுனை.
மட்டையில்லை, பந்தில்லை,
ஓடினார்கள்.
பத்து நாளாய்த் தட்டித் தட்டிச் சமைத்த மண்ணில்
முதல் தடவையாகத் தோளில் கயிறில்லாமல்.
நான் எண்ணினேன்.
இருபத்தேழில் தொப்ளான் வழுக்கி விழுந்தான்,
அவன் ஆட்டத்திலேயே இல்லை.
முப்பத்தெட்டா முப்பத்தொன்பதா என்று சண்டை வந்தது.
காவல்காரன் பெகிசிஸ்வே லாந்தரோடு வந்தான்.
விரட்டுவான் என்று நின்றுவிட்டோம்.
அவன் விரலை மடக்கி, முப்பத்தெட்டு என்றான்.
சுலுக்காரன் கணக்கை யாரும் மறுக்கவில்லை,
அவன் முதலிலிருந்தே பார்த்திருக்கிறான்.

முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.
ஓவர்சீயரின் விசில்.

அவ்வளவுதான்.
ஸ்டம்புகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினோம்.

பிற்பாடு பராக்ஸை இடித்தார்கள்.
சாட்ஸ்வொர்த்துக்கு லாரியில் ஏற்றினார்கள்.
அம்மிக்கல்லை மடியில் வைத்திருந்த தைலம்மா
எதையாவது விட்டுவிட்டோமா என்று கேட்டாள்.
நான் பதில் சொல்லவில்லை, சிரிப்பாள்.

அது அங்கேதான் கிடக்கிறது,
இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில்.
கடல் ஏறும்போது
கொஞ்சம் நனையும்.