ஏழுக்கும் மூன்றரைக்கும் இடையில்

பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார் மயக்கமருந்து டொக்டர்.
பத்து. ஒன்பது. எட்டு.
ஏழு என்று சொன்னேனா, தெரியாது.
அடுத்த சொல் தாதி நிரோஜினியுடையது:
"ஐயா, முடிஞ்சுது. மணி மூன்றரை."

தூக்கத்துக்கு ஒரு தடிப்பு உண்டு.
விழிக்கும்போது கொஞ்சம் இரவு முதுகில் ஒட்டியிருக்கும்.
இது துணியை வெட்டி, நடுத்துண்டை எறிந்துவிட்டு
இரண்டு கரையையும் சேர்த்துத் தைத்த மாதிரி.
தையல் இருக்கிறது, வலது விலாவுக்குக் கீழே
ஒன்பது முடிச்சு.

"எப்படி இருந்தது?" என்று கேட்டாள் மனைவி.
"இருக்கேல்லை" என்றேன்.
பகிடி என்று நினைத்தாள்.

உள்துறைமுகத்தில் நீர்மட்டம் பதிகிறவன் நான்,
இருபத்திரண்டு வருடம்.
வேலைக்குத் திரும்பிய அன்று
முதலில் அந்த நாளின் தாளைத் தேடினேன்.
மிதவை ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது.
பேனை நடுங்காமல் வரைந்திருக்கிறது.
பன்னிரண்டரைக்கு ஒரு சின்னத் துள்ளல்,
சீமெந்துக் கப்பல் போயிருக்கும்.
நான் இல்லாத நேரம்
இங்கே முழுதாகக் கிடக்கிறது.

"பேனைக்கு என்னடாப்பா தெரியும்?" என்றான் இம்தாத்,
எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்தபடி.
"தண்ணி ஏறினா அது ஏறும். அவ்வளவுதான்."
ஓம், அவ்வளவுதான்.
என்னை வெட்டிய நேரம் என் இரத்தமும் அப்படித்தான் ஏறி இறங்கியது.
ஒரு பச்சைக்கோடு அதை எழுதியது.
கோடு இருந்தது.

பஸ் நிலையத்து மான்
கசங்கிய டிக்கெட்டை மென்றபடி என்னைப் பார்க்கிறது.
அதற்குள் யாரோ இருப்பதில் எனக்குச் சந்தேகமில்லை.
அளவுகோலில் நான் சுரண்டி எறியும் கொட்டலசு
என் நிழல் விழுந்ததும் வாயை மூடிக்கொள்கிறது.
அதற்குள்?
அது ஒட்டியிருக்கும் கல்லுக்குள்?
எந்தப் படியில் நின்று இதோடு சரி என்று சொல்வது,
நானே நாலு மணித்தியாலம் கடைசிப்படிக்கும் கீழே கிடந்தவன்?

காயம் ஆறியபின் கன்னியாவுக்குப் போனேன்.
ஏழு கிணறு.
முதல் வாளியில் முதுகு துள்ளியது.
சூடு கிணற்றில் இருந்ததா, என் முதுகில்தான் தொடங்கியதா?
பக்கத்துக் கிணறு வேறு சூடு.
கையெட்டும் தூரம்,
இருந்தும் ஒன்றின் சூடு மற்றதுக்குத் தெரியாது.

தெரியாது என்று எழுதிவிட்டேன்.
எனக்கு எப்படித் தெரியும்?
மேசையில் கிடந்த என்னைப் பார்த்து யாரும்
இவனுக்குள் ஒன்றுமில்லை என்றிருந்தால்
அது சரி.
மூன்றரைக்கு அது பிழை.

தாளின் அடியில் ஒரு கட்டம்: அவதானித்தவர்.
அன்றைக்கு மட்டும் வெறுமை.
என் பெயரை எழுதினால் பொய்.
இயந்திரம் என்று எழுதினால் மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள்.
கடல் என்று எழுதக் கை போனது,
வெட்கமாகவும் இருந்தது.

மூடியைத் திருகிவிட்டு வெளியே வந்தேன்.
இந்தத் துறையில் கடல் பெரிதாக ஏறாது.
ஒரு சாண் ஏறியிருந்தது.
குனிந்து பார்த்தேன்.
என் நிழல் விழுந்த இடத்தில் மட்டும்
எல்லா வாயும் மூடியிருந்தன.