மின்சாரத்தின் சுருதி

வின்னிபெக். எழுபதாம் ஆண்டு, பிப்ரவரி.
அப்போது நான் மீட்டர் பார்க்கிறவன்.
புகார்த் தாளில் ஒரே வரி எழுதியிருந்தாள்:
'உங்கள் மின்சாரம் சுருதி தப்பி வருகிறது.'
அலுவலகமே சிரித்தது.
நீ போய்ப் பார்த்து வா என்றார்கள்.

இறைச்சிக் கடைக்கு அடியில் நிலவறை.
மிலாடா ஹ்ரூபா, ஓஸ்ட்ராவாக்காரி.
மாவு ஆலையில் இரவு ஷிப்ட், இமையோரம் வெள்ளை.
மேசைமேல் அவள் சுமந்துவந்த டேப் ரெக்கார்டர்;
வியன்னா ரயிலில் அதற்கும் ஓர் இருக்கை
சண்டைபோட்டு வாங்கினாளாம்.

அங்கே மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும்.
இங்கே அறுபது.
டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத் திருத்தும், துடிப்பைத் திருத்தாது.
கிளம்புமுன் இரவு சமையலறையில் தம்பி பேசியது,
அங்கே ஒருமுறைகூடப் போட்டுக் கேட்காதது,
ஐம்பது நொடி,
இங்கே நாற்பத்திரண்டில் முடிந்துபோகிறது
மூன்று அரைச்சுரம் மேலேறி
அணில் கத்துவதுபோல.

'பழுது இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
சனிக்கிழமை மறுபடி போனேன்.

மைக்குக்குக் கம்பளிக் காலுறை மாட்டி
மைனஸ் முப்பதில் மின்கம்பத்தடியில் நிற்பாள்.
நான் ஏணி பிடிப்பேன்.
துணிக்கொடியில் டேப் துண்டுகள் தொங்கும்,
ஒவ்வொன்றிலும் கிளிப், கிளிப்பில் தெருப்பெயர்.

உக்ரேனியர் தேவாலய அடித்தளத்தில் முதல் கச்சேரி.
பதினோரு பேர். மூவர் பேருந்துக்காக ஒதுங்கியவர்கள்.
'இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜைக் கேட்டேன்'
என்று எழுதியது பத்திரிகை.
வெட்டி ஃப்ரிட்ஜிலேயே ஒட்டினாள்.
"சரியாகத்தான் கேட்டிருக்கிறான்."

பென்ஷன் வரை ஆலைதான்.
பிறகு ராட்டர்டாமில் யாரோ முந்நூறு இசைத்தட்டு போட்டார்கள்.
நல்ல சப்பாத்து அணிந்த பிள்ளைகள் வந்தார்கள்,
கொடிக்குக் கீழே குனிந்து நடந்தார்கள்.

அவர்களில் ஒருவன், திமாகிபா,
மணிலாவில் பிறந்தவன், அந்த டேப்பை
மடிக்கணினியில் ஏற்றி வேகத்தைக் குறைத்தான்.
ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

ஹெட்ஃபோனைக் கழற்றாமலே கேட்டாள்:
"இவ்வளவு நிதானமாகவா பேசினான்?"
நாற்பது வருடமாக
விரட்டினான் என்று நினைத்திருந்தாள்,
ரயிலுக்கு நேரமாச்சு, போ, போ என்று.
இதில் ஒரு ஸ்பூனைக் கீழே வைக்கிறான்.
மூச்சு வாங்குகிறான்.
இரண்டாவது 'போ' வரவே
நாற்காலி ஒருமுறை கிரீச்சிட வேண்டியிருக்கிறது.

எந்தப் பிரதியை வைத்துக்கொள்ள என்றான் பையன்.
மேலே கடையின் குளிர்பெட்டி
ஓடத் தொடங்கியது.
பேசாதே என்று கையை உயர்த்தினாள்.